வெடிச் சத்தத்துக்கு மிரளும் வேட்டை நாய்

கேள்வி: எங்கள் பாயிண்டர் குட்டிக்கு 9 மாதம். பக்கத்திலேயே துப்பாக்கி வெடித்த நாளிலிருந்து வயலில் இறங்க மறுக்கிறது; என் காலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இனி தேறுமா?

பதில்: பெரும்பாலும் தேறும், நீங்கள் அவசரப்படாமல் இருந்தால். சத்தத்துக்குப் பழக்குகிறேன் என்று மறுபடி மறுபடி வெடிப்பதுதான் பலர் செய்யும் தவறு. பயம் அதனால் முற்றிப்போகும். சில வாரங்களுக்கு வெடியே வேண்டாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காதைக் காட்டுங்கள். வலி இருந்தாலும் சத்தத்துக்கு மிரளும்.

பிறகு 10 மீட்டர் நீளக் கயிற்றில், நிதானமான வயதான நாயோடு, பறவை நடமாடும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள். இழுக்காதீர்கள், கட்டளையும் வேண்டாம். மூக்கைத் தரையில் வைத்துத் தானாக மோப்பம் பிடிக்க ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது. பயந்து உங்களிடம் வந்தால் தடவிக்கொடுக்கலாம். அதனால் பயம் வளராது.

பறவையைக் கண்டால் எல்லாவற்றையும் மறந்து ஓடும் அளவுக்கு ஆர்வம் வந்த பின்தான் சத்தம். உதவியாளர் 100 மீட்டருக்கு அப்பால் நின்று, நாய் பறவையைத் துரத்தும் நொடியில் பொட்டுத் துப்பாக்கியால் ஒரே ஒரு முறை வெடிக்க வேண்டும். சும்மா நிற்கும்போது வெடித்தால் கவனம் முழுக்கச் சத்தத்தின் மேல் போய்விடும். வாலை இடுக்கினாலோ, பிடித்த தீனியைத் தொடாவிட்டாலோ தூரம் போதவில்லை. இன்னும் தள்ளிப் போங்கள்.