தேதிப் பித்து: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பதினெட்டாம் நூற்றாண்டுப் பாண்டிச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப்பிள்ளை பற்றி நீங்கள் எழுதிவரும் தொடரைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். எனக்கு வயது 27. கடலூர், குண்டு உப்பலவாடி பக்கம். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. போன வருடம்தான் எனக்கு ஆட்டிசம் இருப்பதாக டாக்டர் சொன்னார். அதுவரை 'பையன் கொஞ்சம் ஒரு மாதிரி' என்பதோடு எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

ஊர்ப் பெயரில் ஏன் 'குண்டு' வருகிறது என்று நாலாவது படிக்கும்போது தாத்தாவிடம் கேட்டேன். 1690-ல் வெள்ளைக்காரன் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் இருந்த ஊர்களை எடுத்துக்கொண்டான் என்றார். அன்று பிடித்த பித்து, இன்னும் விடவில்லை. செயின்ட் டேவிட் கோட்டை (அதே தேவனாம்பட்டினம் கோட்டைதான்), ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கர்நாடகப் போர்கள், 1783 கடலூர் முற்றுகை என்று எதில் கேட்டாலும் தேதியோடு சொல்வேன்.

டாக்டரின் அறிக்கையில் இதுவும் ஓர் அறிகுறியாக எழுதப்பட்டிருக்கிறது: 'குறுகிய, அளவுக்கு மீறிய ஆர்வம்'. அதைப் படித்த நாளிலிருந்து புத்தகத்தைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. வரலாறு பிடித்திருப்பது எனக்கா, என் ஆட்டிசத்துக்கா?

வீட்டில் 'இவ்வளவு தெரியுதே, குரூப் 2 எழுது' என்கிறார்கள். பண்ருட்டியில் ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பாவிடம் 1783 முற்றுகையைச் சொல்ல ஆரம்பித்து, பாயசம் வரும்வரை நிறுத்தவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். பாண்டி நண்பர் ஒருவர் '1947-ல் எங்கள் மண் விடுதலை பெற்றது' என்று ஸ்டேட்டஸ் போட்டார். திருத்தினேன். அப்புறம் அவர் என்னோடு பேசுவதில்லை. இந்த ஆர்வத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா? (பெயர் போட வேண்டாம்.)

*

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம்.

டாக்டர் தப்பாக எழுதவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக அதைத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் அது எதற்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். நம் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் 'வலது கன்னத்தில் ஒரு மச்சம்' என்று எழுதியிருக்கும். ஆளை அடையாளம் தெரிய எழுதியது. அதைப் படித்துவிட்டு யாரும் மச்சத்தைச் சுரண்டி எடுக்கப் போவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்குப் பிள்ளையார் சுழி. அதில் வரும் முதல் சிறுவனுக்கு அமெரிக்க ஜனாதிபதிகளின் படங்களைப் பார்த்து இன்னார் என்று சொல்லத் தெரிந்திருந்தது. தன் குடும்பத்து முன்னோர் படங்களையும் அப்படியே. ஆட்டிசத்தின் முதல் பக்கத்திலேயே வரலாறு வந்து உட்கார்ந்துவிட்டது! அந்தச் சிறுவன் டொனால்டு ட்ரிப்லெட் பின்னாளில் சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், தனியாக வெளிநாடெல்லாம் சுற்றினார், 2023-ல் 89 வயதில் இறந்தார். அவரும் கணக்கு உத்தியோகஸ்தர்தான், உங்களைப் போல.

எனக்கா, ஆட்டிசத்துக்கா என்று கேட்கிறீர்கள். இதில் பாகப்பிரிவினை நடக்காது. டைனா மர்ரே, வென் லாசன், மைக் லெஸ்ஸர் மூவரும் 2005-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். கவனம் என்பது எல்லோருக்கும் அளவோடுதான் இருக்கிறது. பெரும்பாலோர் அதை நாலைந்து இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் ஒரே இடத்தில் கொட்டுகிறார்கள் என்பது அதன் சாரம். உங்கள் கவனம் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதை ஆட்டிசம் தீர்மானித்திருக்கலாம். எங்கே இறங்கியது என்பதற்கு அந்தப் பீரங்கிக் குண்டும் உங்கள் தாத்தாவும்தான் பொறுப்பு. அதே டாக்டரிடம் அதே அறிக்கையோடு வரும் இன்னொரு பையன் ரயில் இன்ஜினைப் பற்றிப் பேசுவான்.

அதற்காக 'ஆட்டிசம் கடவுள் தந்த வரம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையும் நம்பாதீர்கள். மேளச் சத்தமும் நூறு முகங்களும் உள்ள மண்டபத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அங்கே சிரித்த யாருக்கும் தெரிந்திருக்காது. சிரமம் இருக்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் வருகிறது, அரசு வேலை இடஒதுக்கீட்டில் பங்கும் உண்டு. சான்றிதழ் எடுக்காமல் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் போதவில்லை என்றால் குரூப் 2 எழுதுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் நான்கு விடையில் ஒன்றைக் கருப்பாக்குவதற்கும் உங்கள் பித்துக்கும் சம்பந்தமில்லை. வரலாறு உங்களுக்குச் சோறு போட்டுத்தான் தன்னை நிரூபிக்க வேண்டும் என்றில்லை.

சரி, தேதிக்கு வருவோம். 'தேதியை மனப்பாடம் பண்ணுவதா வரலாறு?' என்று கேட்பது நம்மிடையே ஒரு பெருமையாகிவிட்டது. தேதி தெரியாதவர்கள் கண்டுபிடித்த பெருமை என்று எனக்குச் சந்தேகம். ரங்கப்பிள்ளை இறந்தது 1761 ஜனவரி 12. பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது ஜனவரி 16. இந்த நான்கு நாள் இடைவெளி மனதில் உறைக்காத ஒருவர், அந்த நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களைப் படித்தும் படிக்காதவர்தான். 1736-லிருந்து இந்தப் பாண்டிச்சேரிக்கு வந்த கப்பல், இறங்கிய சரக்கு, யாருக்கு எத்தனை பீரங்கிக் குண்டு மரியாதை, யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் எழுதிவந்த மனிதர். ஊர் விழுந்ததை மட்டும் எழுதவில்லை. அவருக்கும் ஆட்டிசம் என்று சொல்ல வரவில்லை. செத்தவர்களுக்கு மருத்துவச் சீட்டு எழுதும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. ஆனால் குண்டு மரியாதையை எண்ணி எண்ணி எழுதியவரை யாரும் 'அளவுக்கு மீறிய ஆர்வம்' என்று சொல்லவில்லை. அவர் எண்ணியதை வைத்துத்தான் நாம் இன்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் 1783-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தும் பிரான்சும் வெர்சாயில் சமாதானத்துக்கான பூர்வாங்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது ஜனவரி 20. கடலூருக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹ்யூஸும் மோதியது ஜூன் 20. நாளோடு நாள் ஐந்து மாதம். அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 13-ல், தரையில் நடந்த சண்டையில் நூற்றுக்கணக்கில் விழுந்தார்கள். கப்பலில் செய்தி வந்து சேரும்போது ஜூன் கடைசி ஆகிவிட்டது. கையெழுத்தான பிறகு நடந்த போர்! பந்தியில் இதை எங்கிருந்து ஆரம்பித்தீர்கள்? ஹைதர் அலியிலிருந்து ஆரம்பித்திருப்பீர்கள் என்பது என் ஊகம். அடுத்த முறை ஜனவரி 20-ஐ முதலில் போட்டுவிட்டு, 'அப்புறம் ஏன் நம்ம ஊரில் சண்டை?' என்று சித்தப்பாவைக் கேளுங்கள். உங்களை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை, இந்தக் கதைக்கு அதுதான் நல்ல வாசல். அதுவும் எடுபடவில்லை என்றால், ஈ.சி.ஆரில் மனை என்ன விலை போகிறது என்று அதே சித்தப்பா அதே பந்தியில் எவ்வளவு நேரம் பேசினார் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு எந்தக் கையேட்டிலும் பெயர் இல்லை. ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டாமியன் மில்டன் 2012-ல் சொன்னது இதைத்தான்: புரிந்துகொள்ள முடியாமல் போவது இரண்டு பக்கமும் நடக்கிறது, பழி மட்டும் ஒரு பக்கம் விழுகிறது.

பாண்டி நண்பர் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பாண்டிச்சேரி இந்தியாவோடு சேர்வதா என்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது 1954 அக்டோபர் 18. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. இங்கே ஆகஸ்ட் 15, 16, நவம்பர் 1 என்று மூன்று நாளும் கொடி ஏறுகிறது. அவர் மண் என்று சொன்னது தன் நாட்டை, நீங்கள் திருத்தியது ஊரை. 'தப்பு கண்டுபிடிப்பதற்காகச் சொல்லவில்லை, பார்த்தால் சொல்லாமல் இருக்க முடிவதில்லை' என்று ஒரு செய்தி அனுப்புங்கள். அவர் பேசினால் பேசட்டும்.

இப்போது எனக்கு உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. பிரான்ஸ் 1582-லேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 செப்டம்பர் வரை பழையதையே பிடித்துக்கொண்டிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் இடையில் பதினோரு நாள் வித்தியாசம். 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்த நாள் பாண்டிச்சேரி ஆவணங்களில் செப்டம்பர் 21, ஆங்கிலேயர் ஆவணங்களில் செப்டம்பர் 10. தேவனாம்பட்டினத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். காலையில் இங்கே கிளம்பும் தபால்காரன் மாலையில் உங்கள் ஊர் வந்து சேர்ந்தால், போன வாரத்துக்கும் முந்தைய தேதியில் நிற்பான். நடுவில் ரங்கப்பிள்ளை தமிழ் வருடம், மாதம், தேதி போட்டுப் பக்கத்தில் ஐரோப்பியத் தேதியையும் எழுதிக்கொண்டு போகிறார். என்னைப் போன்றவர்களுக்கு இரண்டு பக்கம் போவதற்குள் தலை சுற்றிவிடும். உங்களுக்குச் சுற்றாது.

1748-ல் ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் பாண்டிச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினாரே, அந்த ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரைக்கும் மட்டும் ஒரு அட்டவணை போடுங்கள். ஆங்கிலத் தேதி, பிரெஞ்சுத் தேதி, பிள்ளையின் தமிழ்த் தேதி, அன்று என்ன நடந்தது. நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904-லிருந்து 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது, பழைய நூலகங்களில் கிடைக்கும். அவசரமில்லை. எக்ஸெல்லில் போட்டு அனுப்பினால் எனக்கு வசதி, தொடரில் அந்தப் பகுதிக்கு இன்னும் வரவில்லை.