யூடியூபில் பல முறை கேட்ட ராவெலின் ஜி மேஜர் பியானோ கன்சர்ட்டோவை நேரில் போய்க் கேட்க வேண்டுமா?

போங்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக எழுதிய, இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும் ஒரு இசைக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா, பதிவில் கேட்டதை விட என்ன கூடுதலாகக் கிடைத்துவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன்.

நானும் பல வருடம் ஹெட்போனில்தான் கேட்டேன். சமைக்கும்போது, ரயிலில், தூக்கம் வராத இரவில். ஏறக்குறைய மனப்பாடம். அப்புறம் ஒருநாள் பாரிஸ் பில்ஹார்மோனியில் வாசிக்கிறார்கள் என்று தெரிந்து, இருப்பதிலேயே விலை குறைந்த டிக்கெட்டை எடுத்தேன். ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்னால் இடம். அந்த அரங்கில் மேடையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆட்கள் உட்காரலாம். பியானோவின் மூடி முன்பக்கம் பார்த்துத் திறந்திருப்பதால் பின்னால் இருப்பவர்களுக்குப் பியானோ சற்று மங்கலாகத்தான் கேட்கும். உண்மைதான். ஆனால் தாள வாத்தியக்காரர்கள் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார்கள்.

இந்தக் கன்சர்ட்டோ ஒரு சாட்டையடியில் தொடங்கும். சாட்டை என்று பெயரே தவிர தோலும் வாரும் கிடையாது, கீல் போட்டு இணைத்த இரண்டு மரப்பலகைகள். அதை வைத்திருந்த பெண் பலகைகளை விரித்து நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி, ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு அடி ஒரு இமைப்பொழுது தவறினாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடி விழுந்தது. அது விழுந்த கையோடு பிக்கோலோ என்ற சின்னப் புல்லாங்குழல் ஓட ஆரம்பித்துவிட்டது. வீட்டில் நூறு முறை கேட்ட சத்தம்தான், ஆனால் உடம்பு தூக்கிப்போட்டது.

இந்த இசையில் ஜாஸ் சாயல் உண்டு, அந்த விஷயத்துக்கு வருகிறேன். ராவெல் 1928-இல் அமெரிக்காவில் நான்கு மாதம் சுற்றினார். நியூயார்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினைச் சந்தித்தார், அந்நகரின் ஹார்லெம் பகுதிக்குப் போய் ஜாஸ் கேட்டார். அதற்கு முன்பே பாரிஸில் அவர் காதில் ஜாஸ் விழுந்திருந்தது. 1927-இல் முடித்த வயலின் சொனாட்டாவில் நடுப்பகுதிக்குப் பெயரே ‘ப்ளூஸ்’, ஜாஸுக்கு வேராக இருந்த கறுப்பின அமெரிக்கர்களின் இசை. அமெரிக்காவிலிருந்து திரும்பிய பின் 1929 முதல் 1931 வரை இந்தக் கன்சர்ட்டோவை எழுதினார். 1932 ஜனவரி 14-ஆம் தேதி பாரிஸில் மார்கரீத் லோங் பியானோ வாசிக்க, ராவெலே நடத்தினார்.

முதல் பகுதியில் வேகமான மெட்டு ஓய்ந்து பியானோ சோம்பல் முறிப்பது போல ஒரு ப்ளூஸ் வரியை வாசிக்கும் இடம் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு யார் பதில் சொல்கிறார்கள் என்பதை நேரில்தான் பார்த்தேன். ஒரு சின்ன க்ளாரினெட், மியூட் என்ற ஒலியடக்கி செருகிய ஒரு டிரம்பெட். இந்த இசைக்கு ராவெல் வைத்தது ஒரே ஒரு டிரம்பெட், ஒரே ஒரு ட்ராம்போன். கூட்டத்தில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. ஒவ்வொருவரும் தனியாக எழுந்து பேசுவது போல வாசிக்க வேண்டும். ஜாஸ் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வருவது போல இங்கேயும் வருகிறது. யாழ் போன்ற ஹார்ப்புக்கு ஒரு முறை, அதன் பின்னே உச்ச ஸ்தாயியில், வளைந்த பித்தளைக் குழலான ஹார்னுக்கு ஒரு முறை. அந்த ஹார்ன்காரர் தன் இடம் வருவதற்கு முன் உதட்டை நனைத்துக்கொண்டு இருமுறை மூச்சு இழுத்ததைப் பார்த்தேன். இனி அந்த இடத்தை ஹெட்போனில் கேட்டாலும் எனக்கு அந்த மூச்சு நினைவுக்கு வந்துவிடும்.

இரண்டாவது பகுதிக்காகவே நான் டிக்கெட் எடுத்திருந்தேன். ஆர்கெஸ்ட்ரா முழுக்கச் சும்மா இருக்க, பியானோ மட்டும் ஏறக்குறைய மூன்று நிமிடம் தனியாகப் போகும். பின்னால் உட்கார்ந்ததில் பியானோ கலைஞரின் இடது கை என் பக்கம் இருந்தது, நான் அதை மட்டுமே பார்த்தேன். ஒரு தாழ்ந்த சுரம், இரண்டு மெல்லிய தட்டல்கள், மறுபடி ஒரு தாழ்ந்த சுரம், இரண்டு தட்டல்கள். தாழ்ந்த சுரங்களையும் சேர்த்து ஆறு தட்டல்களை இடது கை மூன்று மூன்றாகப் பிரிக்கிறது. மேலே வலது கை அதே ஆறை இரண்டு இரண்டாகப் பிரித்துப் பாடுகிறது. தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். கேட்க அவ்வளவு எளிதாக இருக்கும் மெட்டின் அடியில் இரண்டு கைகளும் ஒத்துப்போகாமலேயே சேர்ந்து நடக்கின்றன. இந்த நீண்ட வரியை ராவெல் மொசார்ட் ஐந்து பேருக்காக எழுதிய க்ளாரினெட் குவின்டெட்டை முன்னால் வைத்துக்கொண்டு, இரண்டிரண்டு தாள அளவாக உழைத்து எழுதியதாகச் சொல்வார்கள்.

அந்த மூன்று நிமிடம் மேடையில் இருந்த மற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கேட்டார்கள். வயலின்காரர்கள் வில்லை மடியில் வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். கண்டக்டர் கையைத் தொங்கவிட்டிருந்தார். பிறகு புல்லாங்குழல் உள்ளே வந்தபோது, அது எங்கே தொடங்கியது என்றே எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அதே மெட்டைக் கோர் ஆங்லே என்ற தாழ்ந்த குரல் மரக்குழல் எடுத்துக்கொள்ள, பியானோ அதைச் சுற்றிப் பொடிப்பொடியான சுரங்களாக உதிரும். பதிவுகளில் பெரும்பாலும் பியானோதான் முன்னால் நிற்கும். என் இடத்திலிருந்து கோர் ஆங்லே பெரிதாகவும் பியானோ அதற்குப் பின்னால் மழை போலவும் கேட்டது. ராவெல் மனதில் வைத்திருந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றியது. கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒன்றும் பேசாமல் என் கையை ஒருமுறை தட்டினார்.

எந்த இடத்தில் டிக்கெட் எடுப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். பியானோ தெளிவாக வேண்டுமென்றால் நடுவில். கைகளைப் பார்க்க வேண்டுமென்றால் மேடையைப் பார்த்து உட்காரும்போது இடது பக்கம். ஏற்கெனவே இசை மனப்பாடம் என்றால் தயங்காமல் மேடைக்குப் பின்னால் எடுங்கள். அப்புறம், முதல் நாள் கேட்காமல் இருங்கள், காது பசியோடு போகட்டும்.

மூன்றாவது பகுதி நான்கு நிமிடம்கூட இருக்காது. சின்ன க்ளாரினெட் கீச்சிடும், ட்ராம்போன் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும், பஸூன் என்ற நீண்ட மரக்குழல்கள் மூச்சிரைக்க ஓடும், முடிவில் பெரிய டிரம்மில் ஒரே ஒரு குத்து. அந்தக் குத்து என் நாற்காலியில் அதிர்ந்தது. கைதட்டல் நிற்கவே இல்லை. ஐந்தாறு முறை வணங்கிய பிறகு பியானோ கலைஞர் கண்டக்டரிடம் ஏதோ சொன்னார், ஆர்கெஸ்ட்ராவில் எல்லோரும் சிரித்துக்கொண்டே தாளைப் பின்னோக்கிப் புரட்டினார்கள். கடைசிப் பகுதியை மறுபடியும் வாசித்தார்கள். அந்த முறை நான் ட்ராம்போன்காரரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் முறையை விட இன்னும் கொஞ்சம் நீளமாக வழுக்கினார்.