எவர்சில்வர் கத்தி கோணாமல் இருக்க: கேள்வி பதில்

மண்டபத்திலிருந்து ஒருவர்: மீன் அறுக்க 2 மி.மீ. 440சி (பதம் ஏறும் எவர்சில்வர் ரகம்) தகட்டில் கத்தி செய்தேன். வாய் எடுத்து (வெட்டும் விளிம்பைத் தேய்த்து) முடித்துத்தான் பதம் போட, அதாவது உலையில் சூடேற்றிக் கெட்டியாக்க, அனுப்பினேன். காய்ந்த ஓலை மாதிரி முறுக்கிக்கொண்டு வந்திருக்கிறது. உலைக்காரர் தப்புதானே?

உலைக்காரரைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் கோணல் நம் பட்டறையிலேயே ஆரம்பித்துவிடும். ஆலையில் உருட்டும்போதே தகட்டுக்குள் இறுக்கம் தங்கிவிடுகிறது. கட்டிங் வீலில் வெட்டுவதும், ஒரே பக்கத்தைச் சூடேறத் தேய்ப்பதும் அதைக் கூட்டும். உலையில் 1,000 டிகிரி தாண்டும்போது உலோகம் இளகும், அடங்கியிருந்த இறுக்கம் அவிழும்.

2 மி.மீ. தகட்டில் பதம் போடும் முன் வாயே எடுக்காதீர்கள். உருவம் வெட்டி, பிடிக்கு ஓட்டை போட்டு அனுப்புங்கள். பதம் ஏறிய பிறகு தண்ணீரில் அடிக்கடி நனைத்துத் தேய்க்கலாம். கையுறை இல்லாமல் பிடித்தால் சூடு உடனே தெரியும். 4 மி.மீ. தகடு என்றால் முன்பே கொஞ்சம் எடுக்கலாம், ஆனால் விளிம்பில் 1 மி.மீ. கனமாவது விடுங்கள். இந்தப் பக்கம் நாலு தேய்ப்பு, திருப்பி அந்தப் பக்கம் நாலு தேய்ப்பு என்று மாற்றி மாற்றி எடுங்கள்.

கரடாகத் தேய்த்ததும் 650 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, உலைக்குள்ளேயே ஆறவிட்டால் இறுக்கம் பெருமளவு தளரும். அடுத்து பதம் போடச் சூடேற்றும்போது கத்தியைப் படுக்க வைக்காமல் ஓட்டையில் கம்பி கோத்துத் தொங்கவிடச் சொல்லுங்கள். வெளியே எடுத்ததும் இரண்டு கனமான அலுமினியக் கட்டைகளுக்கு நடுவே இறுக்கினால் 440சி-க்குப் போதும். தண்ணீரில் தோய்க்க வேண்டாம், விரிசல் விடும்.

தொண்டி: படகிலிருந்து கழற்றிய 304 ரக எவர்சில்வர் தகட்டில் செய்யலாமா?

பதம் ஏறாது. 316-ம் அப்படித்தான்.

பாம்பன்: என் தகட்டில் காந்தம் ஒட்டுகிறது. அப்போது பதம் ஏறும்தானே?

430 ரக எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டும், பதம் ஏறாது. என்ன ரகம் என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

கீழக்கரை: நாங்கள் பரம்பரையாக லாரிப் பட்டையில் (ஸ்பிரிங் பட்டை) அரிவாள் அடிக்கிறோம். கோட்டம் விழுந்தால் சுத்தியலால் ரெண்டு தட்டு, முடிந்தது. 650 டிகிரி, அலுமினியக் கட்டை எல்லாம் காசு உள்ளவன் விளையாட்டு.

அண்ணே, நீங்கள் தட்டுவது பட்டை சிவந்திருக்கும்போது. அப்புறம் சாம்பலில் ஆறப் போடுகிறீர்கள். நான் சொல்லும் இறுக்கம் தளர்த்தலை உங்கள் சாம்பலே செய்துவிடுகிறது. எவர்சில்வரில் செய்கிறவர்கள் சூடு காட்டாத பச்சைத் தகட்டைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துகிறார்கள். பார்க்க நேராக இருக்கும், உலைக்குள் போனதும் பழையபடி திரும்பிவிடும்.

கீழக்கரை, மறுபடி: அப்போ எவர்சில்வரையும் பழுக்கக் காய்ச்சித் தட்ட வேண்டியதுதானே?

தட்டலாம், பிரச்சினை அதற்குப் பிறகுதான். 440சி வெறும் காற்றில் ஆறினாலே கெட்டியாகிவிடும். டிரில் இறங்காது, ஆறின பிறகு இன்னொரு தட்டு தட்டினால் உடையவும் கூடும். மறுபடி உலையில் வைத்து மெல்ல மெல்ல ஆற்றி மென்மையாக்க வேண்டும். காய்ச்சித் தட்டாமல் தகட்டை ரம்பம் எடுத்து வெட்டுகிறவனுக்கு இந்த வேலையே இல்லை. உங்கள் பட்டைக்கு உங்கள் முறைதான் சரி, அதை இந்த உலோகத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

தேவிபட்டினம்: லாரிப் பட்டை உப்புக் காற்றில் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்குமே அண்ணே! எவர்சில்வருக்கு அந்தக் கவலை இல்லை.

அப்படிச் சொல்லாதீர்கள். 440சி-யை உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள்.

ஏர்வாடி: ஒரு பக்கம் மட்டும் வாய் வைத்த கத்தி, பதத்துக்கு முன்பே எடுத்துவிடலாமா?

மேலே சொன்னதைப் படித்தீர்களா? ஒரு பக்க வாய்தான் எல்லாவற்றையும்விட அதிகம் கோணும். பதம் போட்ட பிறகு எடுங்கள்.

ராமேஸ்வரம்: 3 மி.மீ.க்கு முன்பே எடுக்கலாமா?

பிறகு எடுங்கள். தேய்க்கும்போது முகமூடியும் போடுங்கள், அந்தத் தூளில் குரோமியம் இருக்கிறது.