தற்கொலைத் தடுப்புக்குத் திரட்டும் நிதி எதற்குச் செலவாகிறது?

உதவி எண்ணில் தன்னார்வலர்கள் சம்பளம் வாங்காமல்தானே பேசுகிறார்கள், பிறகு நிதி எதற்கு என்பது நியாயமான கேள்விதான்.

தற்கொலைத் தடுப்பு உதவி எண் என்பது, உயிரை விட்டுவிடலாமா என்று தவிப்பவர் கூப்பிட்டால் குறுக்கே பேசாமல், குறை சொல்லாமல் கேட்க ஓர் ஆள் இருக்கும் தொலைபேசி. லண்டனில் 1953-இல் பாதிரியார் சாட் வாரா தொடங்கிய சமாரிட்டன்ஸ் இதில் முன்னோடி. அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்கு உதவியாளர்கள் டீ கொடுத்துப் பேச்சுக் கொடுப்பார்கள். பேசி முடித்த பலர் அவரைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார்களாம்!

காரணம், சாக வேண்டும் என்ற உந்துதல் பெரும்பாலும் ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும் நேரம் பலருக்குக் குறைவு. அதைக் கடக்கத்தான் துணை வேண்டும். சாலையோரச் சுமைதாங்கிக் கல் தலைச்சுமையைக் குறைக்காது, இறக்கி வைத்து மூச்சு வாங்க விடும். உதவி எண் செய்வதும் அதே வேலை.

சரி, அந்தக் கல் ராத்திரி இரண்டு மணிக்கும் இருக்க வேண்டுமே. பயிற்சி, வாடகை, இணைப்புக் கட்டணம் எல்லாம் செலவு. சமாரிட்டன்ஸின் 116 123 என்ற எண் கூப்பிடுபவருக்கு இலவசம் என்றால், வேறு யாரோ கட்டுகிறார்கள் என்று அர்த்தம். அதனால்தான் பிரிட்டனில் ஊர்க்காரர்கள் ஓடியும் கேக் விற்றும் பணம் சேர்க்கிறார்கள். ஜனவரி மூன்றாம் திங்களன்று டீ போட்டு நாலு பேரைக் கூப்பிட்டுப் பேசும் வழக்கமும் உண்டு. என்னைக் கேட்டால், உண்டியல் காசைவிட அந்த டீ பெரிது. சென்னையில் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு 1986 முதல் தன்னார்வலர்களை வைத்தே இயங்குகிறது. இந்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம்.

அப்புறம், "தற்கொலை எண்ணம் வருகிறதா?" என்று நேராகக் கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி ஆவதில்லை, பலர் வாய் திறப்பதே அப்படிக் கேட்ட பிறகுதான்.