குழந்தை மருந்து: தில்லி வாசகர்களின் கேள்விகள்

ஒன்பது மாதக் குழந்தை, எடை 8 கிலோ. பாராசிட்டமால் ட்ராப்ஸ், சிரப் இரண்டும் வீட்டில் இருக்கின்றன. எதைக் கொடுத்தாலும் ஒன்றுதான் என்கிறார் மாமியார். சரியா? (மயூர் விஹார்)

சரியில்லை. ட்ராப்ஸில் 1 மி.லி.க்கே 100 மி.கி. மருந்து இருக்கும். சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி.; இன்னொரு வகையில் 250. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்றால் உங்கள் குழந்தைக்கு 120 மி.கி. ட்ராப்ஸில் அது 1.2 மி.லி., 120 சிரப்பில் 5 மி.லி., 250 சிரப்பில் 2.4 மி.லி. சிரப் என்று நினைத்து ட்ராப்ஸை 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும். டீஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம்; ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் கூடாது. சளி சிரப்பிலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம், அதையும் கணக்கில் சேருங்கள்.

அளவு கூடிவிட்டால் குழந்தை விளையாடுகிறதே என்று காத்திருக்காதீர்கள். முதல் நாள் ஒன்றும் தெரியாது, ஈரல் பாதிப்பு பிறகுதான் வெளிப்படும். நச்சு முறிவு மருந்தை 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன் உண்டு. எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் இலவச எண்: 1800 116 117.

பெரியவர்களுக்கு வாங்கிய நிமெசுலைடு (வலி, காய்ச்சல் மாத்திரை) மிச்சம் இருக்கிறது. காய்ச்சலுக்கு உடைத்துக் கொடுக்கலாமா?

கூடாது. 12 வயதுக்குக் கீழே 2011-லேயே தடை செய்துவிட்டார்கள்.

மூன்று வயதுப் பையனுக்கு இருமல். கெமிஸ்ட் கொடுத்த சிரப்பைக் கொடுக்கலாமா? (கரோல் பாக்)

லேபிளில் குளோர்பெனிரமைன், ஃபினைலெப்ரின் இரண்டும் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். அந்தக் கலவை 4 வயதுக்குக் கீழே கூடாது என்று 2023 டிசம்பரில் உத்தரவு வந்தது. 2 வயதுக்குக் கீழே எந்தச் சளி, இருமல் மருந்தும் எழுத வேண்டாம், 5 வயதுவரை பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசு 2025 அக்டோபரில் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. சாதாரண இருமல் தானே அடங்கும்.

டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு ரசாயனம் கலந்த சிரப்பால் 1998-இல் குர்கானில் பாதிக்கப்பட்ட 36 குழந்தைகளில் 33 பேர் இறந்தார்கள். அந்த நஞ்சு ஏறியதன் முக்கிய அடையாளம் சிறுநீர் குறைவது. சிரப் கொடுத்தபின் வாந்தி வந்து, ஏழெட்டு மணி நேரம் சிறுநீரே போகவில்லை என்றால், பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆன்டிபயாட்டிக் கொடுத்த ஐந்தாம் நாள் உடம்பெல்லாம் தடிப்பு. மருந்துதான் காரணம் என்று உறுதியில்லை. புகார் செய்யலாமா? (ஜனக்புரி)

உறுதி தேவையில்லை, சந்தேகமே போதும். காரணத்தை ஆராய்வது புகாரைப் பெறுபவர்களின் வேலை. முதலில் குழந்தையைக் கவனியுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ 112-ஐ அழையுங்கள். கொப்புளம், வாய்ப்புண், கண் சிவப்பு சேர்ந்து வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே கேஷுவாலிட்டி. வெறும் தடிப்பு என்றாலும் அடுத்த வேளைக்கு முன் டாக்டரிடம் கேளுங்கள். 'மறுபடி கொடுத்துப் பார்க்கலாம்' என்ற சோதனை வீட்டில் வேண்டவே வேண்டாம்.

பிறகு புகார். மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் திட்டத்தை காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துகிறது. 1800 180 3024-க்கு வேலை நாட்களில் பேசலாம். நோயாளிகளுக்கான படிவம் தமிழிலும் உண்டு. குழந்தையின் முழுப்பெயர் வேண்டாம், முதலெழுத்துகள் போதும். வயது, எடை, மருந்தின் பெயர், கொடுத்த அளவு, தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, தடிப்பு தோன்றிய தேதி எழுதுங்கள். பலரும் விட்டுவிடுவது பேட்ச் எண் (மருந்து தயாரான தொகுதியின் எண்). அது இல்லாவிட்டால் கோளாறு மருந்திலா, அந்தத் தொகுதியில் மட்டுமா என்று பிரித்தறிய முடியாது. பாட்டிலைத் தூக்கி எறியாமல் லேபிளை நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். வசம்பு, உரை மருந்து கொடுத்திருந்தால் மறைக்காமல் அதையும் எழுதுங்கள்.