‘போயிட்டு வரேன்’ என்று இங்கே சொல்ல முடியாது

கொழிஞ்சாம்பாறையிலிருந்து இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் வந்து ஒரு மாதமான தம்பி கேட்டிருக்கிறார்: “வேலை முடிந்து கிளம்பும்போது ‘குட்பை’ சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். வேறு என்னதான் சொல்வது, அக்கா?”

நானும் சித்தூர் தாலுகாதான் தம்பி. ஆந்திரச் சித்தூர் இல்லை, நம்ம பாலக்காட்டுச் சித்தூர். முதல் வாரம் வார்டிலிருந்து கிளம்பும்போது ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்றேன். கூட வேலை பார்த்த நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எத்தனை மணிக்குத் திரும்பி வருவாய் என்று கேட்டார். தமிழில் ‘போயிட்டு வரேன்’, மலையாளத்தில் ‘போயிட்டு வராம்’ என்று இரண்டிலும் வளர்ந்தவளுக்கு, வெறுமனே ‘போறேன்’ என்று சொல்ல நாக்கு வருமா?

‘குட்பை’ தப்பில்லை. ‘கடவுள் உங்களோடு இருக்கட்டும்’ என்ற பழைய ஆங்கில வாழ்த்து தேய்ந்து வந்த சொல் அது. ஆனால் நாளைக்கும் பார்க்கப் போகிறவரிடம் சொன்னால், வேலையை விட்டே போகிற மாதிரி கனமாக விழும். ‘பை’ அல்லது ‘சீ யூ டுமாரோ’ போதும். கடையில் ‘தேங்க்ஸ், பை’. ‘சியர்ஸ்’ என்றாலும் சரிதான், இங்கே அதற்கு ‘நன்றி, வரேன்’ என்று அர்த்தம். பர்மிங்ஹாம் பழைய ஆட்கள் ‘டரா எ பிட்’ என்பார்கள், பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம். நீங்கள் சொல்ல வேண்டாம், புரிந்தால் போதும்.

‘சீ யூ லேட்டர்’தான் என்னை ஏமாற்றியது. பக்கத்து வீட்டம்மா காலையில் வாசலில் அப்படிச் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் வருவாராக்கும் என்று நேந்திரம்பழம் வாங்கி, பஜ்ஜி போட்டு, ஏழு மணி வரை காத்திருந்தேன். பஜ்ஜி எண்ணெய் கக்கிக் கிடந்ததுதான் மிச்சம். கோபமும் வந்தது. அப்புறம் யோசித்தால், இனி எந்தக் காலத்திலும் போகாத வீட்டு வாசலிலும் நாம் ‘வரேன்’ என்றுதானே சொல்கிறோம்? சாவு வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் நழுவுவோம்.

‘குட் நைட்’ பிரியும்போது மட்டும். ராத்திரி டியூட்டிக்கு உள்ளே நுழையும்போதே சொல்லி, “அதற்குள் கிளம்பிட்டியா?” என்று கேட்க வைத்தவள் நான். நுழையும்போது ‘குட் ஈவினிங்’ அல்லது வெறும் ‘ஹாய்’. போனில் யாராவது ‘ஐ வில் லெட் யூ கோ’ என்றால், உங்களைப் பிடித்து வைத்திருந்ததாக அர்த்தமில்லை, அவருக்குப் பேச்சை முடிக்க வேண்டும். உடனே ‘பை’ சொல்லி வைத்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை ‘ஹேவ் எ நைஸ் வீக்கெண்ட்’ என்பார்கள். பதில் ‘யூ டூ’. அதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஸ்டேஷனில் டிக்கெட் பார்த்தவர் நல்லபடியாகப் போய் வாருங்கள் என்று வாழ்த்த, நான் பழக்க தோஷத்தில் ‘யூ டூ’ என்றேன். எட்டு மணி வரை இந்த கேட்டை விட்டு நகர முடியாதே என்று சிரித்தார்.