பெண் பிள்ளைகள் பாய்மரப் படகு விளையாட்டுக்கு அதிகம் வருவதில்லையே, அவர்களை எப்படி ஊக்குவிப்பது?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்ததையும் படித்தேன். மகளுக்குப் பத்து வயது. கோடை விடுமுறைக்குச் சென்னையில் பாய்மரப் படகுப் பயிற்சியில் சேர்க்கலாமா என்று பார்க்கப் போயிருக்கிறீர்கள். தண்ணீரில் இருந்த இருபது பிள்ளைகளில் மூன்று பேர்தான் பெண்கள். பெண் பிள்ளைகளுக்கு இதில் ஆர்வம் இல்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் காசிமேட்டில் பிறந்தவள். அப்பா கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர். என் சின்ன வயதில் அவர் மரத்தில் பாய் இருந்தது, துணிப்பாய். நூலிடுக்கில் காற்று கசிந்து போகாமல் இருக்க, ஓடும்போதே கடல் தண்ணீரை வாரி அதன்மேல் அடிப்பார்களாம். இது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த மரத்தில் நான் ஒருநாளும் கடலுக்குப் போனதில்லை. ஏழு வயதிருக்கும், கரையில் ஏற்றி வைத்திருந்த மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்தேன். என் பாட்டி, ஆயா என்போம், ஓடிவந்து முதுகில் ஒன்று வைத்து இறக்கிவிட்டாள். "பொட்டப்புள்ள கால் பட்டா மீன் படுமாடி?" என் தம்பி அப்போது அதே மரத்தின்மேல்தான் குதித்துக்கொண்டிருந்தான்.

ஏலத்தில் மீன் எடுத்தது, கூடை தூக்கி விற்றது, கருவாடு காயவைத்தது, கடன் வாங்கி என்ஜின் எடுத்துத் தந்தது எல்லாம் எங்கள் வீட்டுப் பெண்கள். தண்ணீர் தொடங்கும் இடத்தில் அவர்கள் நின்றுவிட வேண்டும்.

மீனவர்களைக் குறை சொல்கிறாள் என்று யாராவது வருவீர்கள், எனவே இப்போதே சொல்லிவிடுகிறேன். எல்லாக் கரையிலும் இப்படி இல்லை. பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடற்பாசி எடுக்கப் படகேறித் தீவுகள் வரை போய், மூச்சைப் பிடித்து மூழ்கிப் பாசியோடு எழும்புகிறார்கள். அதையே பல பத்தாண்டுகளாகத் தொழிலாகச் செய்கிறார்கள். பெண் கடலில் இறங்குவது நம் வழக்கமில்லை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பணம் படைத்தவர்கள் வீடுகளிலும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. "வெயில்ல கறுத்துடுவா, நாளைக்குக் கல்யாணம் பண்ணணும்" என்று காரிலிருந்து இறங்கி வந்த ஓர் அம்மா என்னிடமே சொன்னார்.

என் மகள் 2016 கோடையில், பதினொரு வயதில் பயிற்சிக்குப் போனாள். குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் ஒரு கிளப்பில் கற்றுத் தந்தார்கள். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். அதற்கே நான் இரண்டு மாதம் அலைந்தேன். எங்களுக்கு எட்டுகிற நீச்சல் குளத்தில் பெண்களுக்கான நேரம் வார நாளில் காலை பதினொன்று முதல் பன்னிரண்டு. பள்ளிக்கூடம் போகிற பெண்ணும் வேலைக்குப் போகிற தாயும் அந்த நேரத்தில் எப்படி வர முடியும்? காலை ஆறும் மாலை ஐந்தும் பையன்களுக்கு. ஊக்குவிப்பது பற்றிக் கேட்டீர்களே, இந்த நேர அட்டவணையை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. கடைசியில் விடுப்புப் போட்டுத்தான் அவளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தேன்.

சின்னப் பிள்ளைகளுக்குத் தருகிற படகின் பெயர் ஆப்டிமிஸ்ட். மூக்கு மழுங்கிய பெட்டி மாதிரி இருக்கும். 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ எடை, ஒரே ஒரு பாய், ஓட்ட ஒரே ஒரு பிள்ளை. பதினைந்து வயது வரை இதில் போட்டி போடலாம். பையனும் பெண்ணும் ஒன்றாகவே ஓட்டுவார்கள். காற்று மெல்ல அடிக்கிற நாளில் எடை குறைந்த பிள்ளைக்கே லாபம். அந்த வயதில் பெண்ணுக்கு உடம்பில் பலம் போதாது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

முதல் வாரத்திலேயே படகை வேண்டுமென்றே கவிழ்க்கச் சொன்னார்கள். நான் படகுத்துறையின் ஓரத்தில் நின்றிருந்தேன். கடலில் ஆளைத் தொலைத்த வீடுகள் எங்கள் தெருவில் உண்டு, கவிழ்ந்த படகு என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். பாய் தண்ணீரில் சாய்ந்தது, மகளைக் காணோம். பிறகு தலை தெரிந்தது. பதறாமல் படகைச் சுற்றி நீந்திப் போனாள். படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையைப் பிடித்துத் தன் எடை முழுவதையும் அதில் தொங்கவிட்டாள். படகு மெல்ல நிமிர்ந்தது. உள்ளே ஏறி, கயிற்றில் கட்டியிருந்த வெட்டிய பிளாஸ்டிக் கேனால் தண்ணீரை இறைத்துக் கொட்டினாள். மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்து "அம்மா, இன்னொருவாட்டி கவுக்கட்டா?" என்றாள். ஆர்வம் இல்லை என்று எழுதினீர்களே, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அன்று அவளோடு ஏழு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். ஒன்றரை வருடத்தில் மூன்று பேரானார்கள். நீங்கள் பார்த்த அந்த மூன்று பேரும் இப்படி மிஞ்சியவர்களாகத்தான் இருப்பார்கள். யாரும் அலுத்துப்போய் நிற்கவில்லை. ஒவ்வொருத்தியையும் வீட்டில் நிறுத்தினார்கள். என் மகளை நிறுத்தியது நான்தான்.

2017 அக்டோபரில் பெரியவளானாள். சடங்கு வைத்தோம், சொந்தக்காரர்கள் வந்தார்கள், மஞ்சளும் சேலையுமாக உட்கார வைத்தோம். ஆயா அப்போது உயிரோடு இருந்தார். "இனிமே கடலு கிடலுன்னு அனுப்புனே, நான் இந்த வீட்ல சோறு துண்ண மாட்டேன்" என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதில் ஒரு நிம்மதி இருந்தது. ஈர உடையோடு ஆண்கள் நடுவில் நடந்து வருகிறாளே என்று உள்ளுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. அந்த டிசம்பரில் அவள் போக வேண்டிய போட்டி ஒன்று போயிற்று.

அதே மாதங்களில்தான் நம் கடற்படைப் பெண்கள் ஆறு பேர் தாரிணி என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வர்த்திகா ஜோஷி தலைமையில் 2017 செப்டம்பர் 10 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, 2018 மே 21 அன்று திரும்பினார்கள். 254 நாள். படகின் நீளம் வெறும் 55 அடி. மகள் என் போனில் அந்தச் செய்திகளையே தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ராத்திரி, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று கேட்டாள்: "அம்மா, அவங்களுக்கெல்லாம் பீரியட்ஸ் வராதா?"

என்னிடம் பதில் இல்லை. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆயா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டார்.

போனால், மகள் திரும்பவும் ஒரு மாதத்தில் நின்றுவிடுவாள் போலிருந்தது. காரணம் கழிப்பறைக் கதவு. பெண்களுக்கு என்று இருந்த ஒரே கழிப்பறையில் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. உடை மாற்ற வேறு இடம் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டு மணி நேரம் தண்ணீரில் இருந்துவிட்டு வருகிற பெண், அதுவும் அந்த நாளில், என்ன செய்வாள்? தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார்கள். வெயிலில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்த பிறகுதான் இது எனக்கே தெரிந்தது. கிளப்பில் சொன்னால், அடுத்த கமிட்டியில் பேசுகிறோம் என்றார்கள். நாங்கள் நான்கு அம்மாக்கள் சேர்ந்து காசு போட்டோம். தாழ்ப்பாள், கொக்கி, மூடியுள்ள குப்பைக்கூடை, உடை மாற்ற மூலையில் கம்பி கட்டி ஒரு தடித்த திரை, ஒரு டப்பாவில் நாப்கின். இரண்டாயிரத்துச் சொச்சம் செலவு. அதற்கப்புறம் எங்கள் குழுவில் ஒரு பெண்கூட நிற்கவில்லை. நின்றிருந்தவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

இதை ஒரு கிளப்பின்மேல் பழியாகப் போடவில்லை. கட்டணம் வாங்காமல் என் மகளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் கரையில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள், அவர்கள் கண்ணில் அந்தக் கதவு படவே இல்லை. அடுத்த வருடம் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி உதவிப் பயிற்சியாளராக வந்தாள். மீட்புப் படகிலும் அவளே போனாள். பிள்ளைகள் சாரிடம் சொல்லாததையெல்லாம் அக்காவிடம் சொன்னார்கள். அவள் வந்த பிறகுதான் இன்னொன்றும் மாறியது. இரண்டு பேர் ஓட்டுகிற படகில் அதுவரை பெண்ணை முன்னால் கயிறு இழுக்க வைப்பார்கள், சுக்கான் பையன் கையில் இருக்கும். அவள் வாரம் மாற்றி வாரம் சுக்கானைக் கைமாற்றினாள். உங்கள் மகள் அந்தப் படகுக்குப் போகும்போது இதை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.

பள்ளிக்கூடம் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். பி.டி. பீரியட் என்று அட்டவணையில் இருக்கும், கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார். மகள் போட்டிக்குப் போன ஆறு நாளும் ஆப்சென்ட். கடிதம் கொடுத்தும் ஏற்கவில்லை, வகுப்பில் நிற்க வைத்தார்கள். அவள் மெடல் வாங்கி வந்த மறுவாரம் வாசலில் ஃபிளெக்ஸ் வைத்து, அவள் படத்தைப் போட்டு 'அட்மிஷன் நடைபெறுகிறது' என்று எழுதினார்கள். படம் போட என்னிடம் கேட்கவுமில்லை, அந்த ஆறு நாள் ஆப்சென்ட்டை எடுக்கவுமில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பணக்காரர் விளையாட்டு என்பவர்களுக்கும் ஒன்று. புதுப் படகின் விலை லட்சத்தைத் தாண்டும், உண்மைதான். ஆனால் தொடக்கத்தில் யாரும் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, கிளப் படகிலேயே ஓட்டலாம். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஐஎல்சிஏ 4 என்ற, ஒருவர் ஓட்டும் சின்னப் படகில் வெள்ளி வாங்கிய நேகா தாக்கூர் மத்தியப் பிரதேசத்து விவசாயி மகள். அங்கே கடலே கிடையாது. போபால் ஏரியில் கற்றுக்கொண்டார். நமக்கு ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது.

நம் ஊரிலும் ஆள் இல்லாமல் இல்லை. சென்னைப் பெண்கள் வர்ஷா கௌதமும் ஐஸ்வர்யா நெடுஞ்செழியனும் 2014 இஞ்சியான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கினார்கள். நேத்ரா குமணன் பன்னிரண்டு வயது வாக்கில் சென்னையில் ஒரு கோடை முகாமில் தொடங்கியவர், உங்கள் மகள் போகப்போகிற மாதிரிதான். 2021 ஏப்ரலில் ஓமானில் நடந்த தகுதிப் போட்டியில் தேறி, ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோவில் 35ஆவது இடம், அடுத்து பாரிஸில் 21ஆவது. மெடல் இல்லையே என்று கடந்து போனவர்கள் அந்தப் பதினான்கு இடத்தை ஏறுவது என்றால் என்ன என்று யோசிக்கவில்லை. புதுச்சேரிப் பெண் ரூபா, கேரளத்து தில்னாவோடு இரண்டே பேராக அதே தாரிணியில் உலகைச் சுற்றி 2025 மே மாதம் கரை சேர்ந்தார். இந்தப் பெயர்களை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள்.

என் மகளுக்கு இப்போது இருபது வயது. கல்லூரியில் படிக்கிறாள், சனி ஞாயிறில் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். அப்பாவுக்கு எழுபத்தி நாலு. ஒருநாளும் அவள் ஓட்டுவதைப் பார்க்க வந்ததில்லை, கூப்பிட்டாலும் வர மாட்டார். ஆனால் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் திண்ணையிலிருந்தே கேட்பார், "இன்னிக்கு இன்னா காத்து?" வாடையா, காலையில் மேற்கிலிருந்து கச்சான் அடித்துப் பிறகு எந்நேரத்துக்குக் கடல்காற்று திரும்பியது என்று அவள் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் திருத்துவார். என்னிடம் அவர் இதைக் கேட்டதே இல்லை.

சேர்க்கப் போகும்போது படகைப் பார்ப்பதற்கு முன்னால் கழிப்பறையைப் பாருங்கள். தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். பெண் பயிற்சியாளர் உண்டா, மீட்புப் படகு எத்தனை என்று கேளுங்கள். உயிர்காப்பு ஜாக்கெட் அவள் உடம்புக்குச் சரியாக இருக்க வேண்டும், பெரியதைக் கட்டி அனுப்ப விடாதீர்கள். மகள் வயதில் இன்னொரு பெண்ணையும், பக்கத்து வீடோ வகுப்புத் தோழியோ, சேர்த்துக் கூட்டிப் போங்கள். முழுக்கை சட்டை போதும், விலை உயர்ந்த எதுவும் வேண்டாம். தொப்பி மட்டும் தாடையில் கட்டுகிற கயிறு உள்ளதாக வாங்குங்கள். முதல் வாரத்திலேயே எங்களுக்கு இரண்டு தொப்பி கடலோடு போயிற்று.